சுவர் யாருடையது? வீட்டலங்காரமும் ஊவாப் பெண்களும்

நூற்றாண்டு மலருக்கு ஆக்கங்கள் கேட்டுப் பழைய மாணவியருக்கு எழுதியபோது, பள்ளியில் கற்றவற்றுள் இன்றும் உங்கள் கையில் நிற்பது எது என்ற ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பினோம். வந்த பதில்களைப் பார்த்து மலர்க்குழுவினராகிய நாங்களே சற்று வியந்து போனோம். கணிதத்தைச் சொன்னவர்கள் சிலர், தமிழ்ப் பாடத்தைச் சொன்னவர்கள் சிலர். பெரும்பாலோர் எழுதியது தையல் வகுப்பைப் பற்றி. ரொறன்ரோவில் குடியிருக்கும் ஓர் அக்கா, பேரப்பிள்ளைகளின் அறைக்கு யன்னல் சீலை தைத்தபோது ஓரத்தை இரண்டு தரம் மடிக்காமல் விட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார். திருச்சிப் பக்கமிருந்து எழுதியவர், 1970களில் தலைமன்னாரில் கப்பலேறியபோது தகரப்பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு போன குறுக்குத் தையல் விரிப்பு இன்றும் சாமிப் படத்துக்குக் கீழே விரிந்திருக்கிறது என்றார். பதுளைக் கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை நடத்தும் நம் தோழி கடிதம் எழுதவில்லை. கடைக்கு வந்து பாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னதோடு சரி.

வீட்டை அழகுபடுத்திப் பார்க்கும் ஆசை நம் எல்லோரிடமும் இருந்தது. அது சிலருக்குத் தொழிலாயிற்று. பலருக்குப் பொழுதுபோக்காகவே நின்றுவிட்டது. ஏன் அப்படி என்று யோசிக்கப் போய், நம் மலைகளின் சரித்திரத்தையும் கண்டியில் பிறந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தையல் அறை. நீண்ட மேசை, கால்மிதி வைத்த இரண்டு சிங்கர் மெஷின்கள், மூலையில் சாம்பிராணி மணக்கும் ஓர் அலுமாரி. இலங்கையில் சிங்கர் நிறுவனம் கடை திறந்தது 1877இல். நம் அறையிலிருந்த மெஷின்களைப் பார்த்தவர்கள், அவையும் அன்றே வந்திறங்கியவை என்றுதான் நினைப்பார்கள். சேலை மடிப்புக் கலையாத நம் தையல் டீச்சர், நூல் முடிச்சுத் துணியின் பின்பக்கம் தெரிந்தால் முழுவதையும் பிரிக்கச் சொல்வார். "முன்பக்கம் ஊருக்கு, பின்பக்கம் உனக்கு" என்பது அவர் வாக்கு.

இந்தப் பாடம் பெண் பள்ளிகளுக்குள் வந்த காரணம் பெரிதாகப் பெருமைப்படத் தக்கதன்று. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிசனரிமார் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கிய காலம் முதல், தையல் என்பது நல்ல மனைவியரை ஆக்கும் பயிற்சி என்றே கருதப்பட்டது. மலைநாட்டுக்கும் அதே எண்ணந்தான் ஏறி வந்தது. விஞ்ஞானம் வராத பிள்ளைக்கு மனையியல் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டதை நம்மில் சிலர் காதால் கேட்டிருக்கிறோம். கேட்டும், வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைக்காக வாரம் முழுவதும் காத்திருந்தோம்.

வகுப்பில் இரண்டு விதமான பிள்ளைகள் இருந்தார்கள். பதுளை நகரத்துப் பிள்ளைகள் கடையில் வாங்கிய கன்வசுத் துணியும் வண்ண நூலும் கொண்டுவருவார்கள். பசறை, லுணுகலை, ஹாலி-எல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் கோதுமை மாச் சாக்கைப் பிரித்து, தோய்த்து, வெளுத்துக் கொண்டுவருவோம். 1970களில் துணிக்கும் அரிசிக்கும் பங்கீட்டு அட்டையோடு நின்ற காலம். அந்த ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினியால் இறந்தவர்களும் உண்டு. அப்போது தையலுக்குத் துணி என்று வீட்டில் எப்படிக் கேட்பது? நம்மில் ஒருத்தி மாச் சாக்கைக் கெட்டித் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, காயவைத்து, மெல்லிய பழுப்பு நிறத்தில் யன்னல் சீலை தைத்துக் கொண்டுவந்தாள். டீச்சர் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதை யார் சொல்லித் தந்தது?" என்றார். "ஒருத்தருமில்லை டீச்சர், அம்மாட சேலையில தேத்தண்ணி கொட்டின கறை போகவே இல்லை" என்றாள் அவள். அந்தச் சீலை கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவளுடைய காம்பராவில் அதைத் தொங்கவிட யன்னல் இருக்கவில்லை என்பது நமக்குப் பின்னால்தான் தெரிந்தது.

இந்த இடத்தில் லயத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளும் இந்த மலரை வாசிப்பார்கள். அவர்களுக்கு லயம் என்றால் சங்கீதம்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பும் ஆட்கள் தங்கவென்று கட்டப்பட்ட தொடர் அறைகளே லயங்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்தது. அதன்பின் தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். வந்தவர்கள் திரும்பவில்லை, தற்காலிகமாகக் கட்டிய அறை மட்டும் அப்படியே நிரந்தரமாயிற்று. பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அடுப்பு அங்கேயோ உள்ளேயோ. கூரை தகரம். ஒரே சுவரை இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும்; அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் நெருக்கம் அது.

அந்த நூற்றிருபது சதுர அடிக்குள் நம் அம்மாமார் செய்தவற்றை வீட்டலங்காரம் என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. தரையைச் சாணத்தால் மெழுகி ஓரத்தில் செம்மண் கரை கட்டுவார்கள். மெழுகும் கையின் வீச்சில் தரையெங்கும் அரைவட்டங்கள் விழும். யார் மெழுகினார்கள் என்று அந்த வட்டத்தின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுப்புப் புகையில் கறுத்த சுவரை மறைக்கப் பழைய வீரகேசரித் தாள்களை மாக்கூழ் தடவி ஒட்டுவார்கள். அதன்மேல் பதுளைக் கடைகள் கொடுத்த கலண்டர்களிலிருந்து வெட்டிய முருகன், லட்சுமி, நடுவில் எம்.ஜி.ஆர். எழுத்துக் கூட்டி வாசிக்க நம்மில் சிலர் பழகியது அந்தச் சுவரில்தான். சில வரிகள் தலைகீழாக இருக்கும். பெக்டரியிலிருந்து வந்த உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை அடுக்குத் தட்டாகும். பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள் மார்கழி பிறந்தால் நட்சத்திரமாகும், தைப்பொங்கலுக்குத் தோரணமாகும். பால்மா டின்னில் டேலியா. தீபாவளி முற்பணம் கிடைத்த வாரத்தில் சுண்ணாம்பும் நீலமும் வாங்கிச் சுவருக்கு வெள்ளை. பெரட்டுக்கு ஓடவேண்டிய விடியற்காலையிலும் வாசலில் நாலு புள்ளிக் கோலமாவது விழுந்துவிடும்.

பங்களாவில் ஆயாவாகப் போன பெண்கள் அங்கே பார்த்ததை லயத்துக்குக் கொண்டுவருவார்கள். துரைசானி மேசையில் கண்ட பூவேலை, கதிரை முதுகில் போடும் ரேந்தைத் துண்டு எல்லாம் ஆறு மாதத்தில் லயத்துக்கு இறங்கிவிடும், கொஞ்சம் மாறி. பங்களாக்காரர்களும் இங்கே வீட்டலங்காரப் பித்தில் குறைந்தவர்களல்லர். ஹப்புத்தளைக்குப் போகிறவர்கள் அதிசாம் பங்களாவைப் பார்த்திருப்பார்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. தாம் பிறந்த இங்கிலாந்துக் கிராமத்தின் பெயரையே வைத்து, பர்மாத் தேக்கும் கருங்கல்லுமாக ஓர் ஆங்கில மாளிகையை ஊவா மலை உச்சியில் நிறுத்தினார். இன்று அது பெனடிக்ற் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாமுக்காக நாமும் வரிசையில் நின்றிருக்கிறோம். அழகான வீடுதான். ஆனால் அந்த அழகை இந்த மலையிலிருந்து எடுக்கவில்லை. கப்பலில் வந்த நினைவிலிருந்து எடுத்தார்கள்.

இந்த மலையிலிருந்து, இந்த நாட்டுக் கைகளிலிருந்து ஒரு நவீன வீட்டின் அழகை எடுக்கலாம் என்று காட்டியவர் ஒரு பெண். மின்னெட் டி சில்வா. 1918இல் கண்டியில் பிறந்தார். தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா, அரசியல்வாதி, பின்னாளில் சுகாதார அமைச்சர். தாய் அக்னஸ்.

மகளிடம் போகுமுன் தாயிடம் சற்று நிற்போம், ஏனெனில் அவர் நமக்கு வேண்டியவர். 1927இல் தொடங்கிய இலங்கைப் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் செயலாளர் அக்னஸ். டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தபோது சங்கத்தின் சார்பில் சாட்சி சொல்லப் போனார். தோட்டங்களில் கூலிக்கு வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அங்கே கேட்கப்பட்டது. சங்கத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் வசதியான கொழும்பு, கண்டிக் குடும்பத்தினர். தயங்கியிருக்கலாம். அக்னஸ் தயங்கவில்லை, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. தோட்டத்தாருக்கு அதில் வசிப்பிட நிபந்தனைகள் போடப்பட்டன என்றாலும், நம் பாட்டிமாரில் சிலர் வாக்குச்சீட்டைத் தொட்டார்கள்.

இந்தத் தாயின் வீட்டில் வளர்ந்த மின்னெட்டுக்குச் சிறுவயதிலேயே வீடு கட்டும் கலையில் ஆசை பிடித்தது. கண்டியைச் சுற்றி நெசவாளர், அரக்குவேலைக்காரர், குயவர், பித்தளை வார்ப்போர் என்று கிராமத்துக்கு ஒரு கைத்தொழில். அவற்றையெல்லாம் அழியுமுன் எழுதிவைத்தவர் நம் ஆனந்த குமாரசுவாமி. மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் வந்தது 1908இல். அந்த எழுத்து மின்னெட்டை ஆழமாகப் பாதித்தது.

பெண் கட்டடக்கலை படிப்பதாவது என்று வீட்டிலும் வெளியிலும் முகம் சுளித்த காலம். பம்பாய் போனார். ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் பயிற்சி. அங்கே இந்தியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞரான பெரின் மிஸ்திரியின் நட்பு. பிறகு சேர் ஜே.ஜே. கலைப்பள்ளி. 1942இல் காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் சேர்ந்ததற்கு மன்னிப்பு எழுதித் தா என்றார்கள். எழுத மறுத்தார். வெளியேற்றப்பட்டார். பின்னர் லண்டன் கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் படிப்பை முடித்து, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவனத்தின் உறுப்பினரானார். ஆசியப் பெண்ணொருத்தி அந்த நிறுவனத்துக்குள் போவது அதுவே முதல் தடவை.

அந்த 1948ஆம் ஆண்டை நாம் வேறு விதமாக நினைவு வைத்திருக்கிறோம். பிரசாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டில்தான் வந்தது. அடுத்த ஆண்டில் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 7 பேரைப் பாராளுமன்றம் அனுப்பிய மக்களின் வாக்கு பறிபோயிற்று. தாய் கேட்டுப் பெற்ற உரிமை நம் பாட்டிமார் கையைவிட்டுப் போன அதே காலத்தில், மகள் உலக மேடையில் ஏறினார். இதில் மகளின் குற்றம் எதுவுமில்லை. இரண்டும் ஒரே நாட்டின் கதை என்பதற்காகச் சொல்கிறோம்.

1949இல் நாடு திரும்பிக் கண்டியிலேயே தொழில் தொடங்கினார். முதல் வீடு, பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதியருக்கு. செங்குத்தான மலைச்சரிவு. நிலத்தை வெட்டிச் சமப்படுத்தி மேடை போடாமல், சரிவுக்கு ஏற்றாற்போல வீட்டையே படிப்படியாக இறக்கினார். நம் மலைகளில் வீடு கட்டுகிறவர்கள் இன்றும் கண்டி போனால் கவனிக்க வேண்டிய விடயம் இது. நவீனக் கட்டடத்துக்கு உரிய கொங்கிறீற்றும் கண்ணாடியும் இருந்தன. கூடவே தும்பறை நெசவும் இருந்தது. தும்பறை என்பது கண்டிக்கு அருகே ஹண நாரைச் சாயமிட்டுப் பாய்களாக நெய்யும் கிராமத்துக் கலை. யானையும் அன்னமும் கோடுகளுமாக இருக்கும். தரையில் விரிப்பதையும் சுவரில் மாட்டுவதையும் அவர் வீட்டுக் கதவுகளுக்குள் பதித்தார். ஊர்க் குயவரிடம் சுடுமண் ஓடுகள் செய்வித்தார். கூடத்துச் சுவரில் ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சித்திரம். 1951இல் வீடு முடிந்தது. இலங்கையில் ஒரு பெண் வரைந்து எழுந்த முதல் கட்டடம் அது.

பெண்பிள்ளை, வீட்டலங்காரக்காரி, பாயையும் சட்டியையும் வைத்து வீடு கட்டுகிறாள் என்று கட்டடத் தொழிலில் இருந்த ஆண்கள் ஏளனமாகப் பார்க்கக்கூடிய காலமது. அவர் அதற்குச் சமாதானம் சொல்லப் போகவில்லை. நெசவும் அரக்கும் மண்ணும் வீட்டின் மேற்பூச்சு அல்ல, அவையும் கட்டுமானம் என்று கொண்டார். வட்டாரத்துக்கு உரிய நவீனக் கட்டடக்கலை என்று தம் வழிக்குப் பெயர் வைத்து, பம்பாயில் தாமும் சகோதரி அனிலும் முல்க் ராஜ் ஆனந்தோடு சேர்ந்து 1946இல் தொடங்கிய மார்க் சஞ்சிகையில் எழுதினார். மேற்கில் இந்தக் கருத்துப் பெரிதாகப் பேசப்பட்டது அதற்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர். பேசியவர்கள் இவர் பெயரைச் சொல்லவில்லை.

அவருடைய வேலைகளுள் நம்மை அதிகம் நிறுத்தியது கருணாரத்ன வீடு அல்ல, 1950களில் கண்டிக்கு அருகே வட்டபுலுவவில் அரசாங்க ஊழியருக்காக அமைத்த வீட்டுத் திட்டம். இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள், பல இனத்தவர், பல மதத்தவர். எல்லோருக்கும் ஒரே அச்சு வீடு வரைந்து முடித்திருக்கலாம். அவர் வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்துக் குடிவர இருந்தவர்களுக்கு அனுப்பினார். அவர்களைக் கூட்டிவைத்துப் பேசினார். எப்படி வாழ்கிறீர்கள், வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து சில மாதிரிகளை வரைந்து, அவரவருக்கு ஏற்றதைத் தெரிவுசெய்ய விட்டார்.

இதை வாசித்த அன்று எங்கள் குழுக்கூட்டம் கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் இருந்தது. லயம் கட்டி நூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனையோ பரிசோதகர்கள் வந்து போனார்கள். மலசலகூடத்தை எண்ணினார்கள், தலைகளை எண்ணினார்கள். உனக்கு எந்தப் பக்கம் யன்னல் வேண்டும் என்று நம் பாட்டியிடம் கேட்டவர் யார்? யன்னல் ஒன்றைத் திறக்கவோ சுவர் ஒன்றை எழுப்பவோ தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். காம்பரா வேலைக்குச் சேர்ந்தது. வேலை நின்றால் காம்பராவும் நின்றது. அதனால்தான் நம் அம்மாமாரின் கலை முழுவதும் கழற்றக்கூடியதாக இருந்தது என்று எங்களுக்குப் படுகிறது. ஒட்டிய தாள், மடித்துவைக்கும் சீலை, காலையில் போட்டு மாலையில் அழியும் கோலம்.

மின்னெட்டின் வாழ்க்கையைப் பட்டுத்துணியில் சுற்றிவைக்கவும் நாம் விரும்பவில்லை. வசதியான வீட்டில் பிறந்தவர். தந்தையின் செல்வாக்கும் தொடர்புகளும் துணை நின்றன. அப்படியிருந்தும் ஆண்கள் நிறைந்த அந்தத் தொழிலில் அவருக்கு வேலைகள் குறைந்துகொண்டே போயின. 1970களில் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் ஆசியக் கட்டடக்கலை கற்பித்தார். 1980களில் கண்டிக் கலை மண்டபத்தைக் கட்டினார். இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996இல்; இரண்டே ஆண்டுகளில், 1998இல், கையில் பெரிதாக எதுவுமின்றிக் காலமானார். அவர் கட்டியவற்றுள் பல பிறகு இடிக்கப்பட்டுவிட்டன. சொந்தச் சுவர் இருந்தவருக்கும் சுவர் நிலைக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தவர்களில் இருவரைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். ஒருவர் பார்பரா சன்சோனி. 1928இல் கண்டியில் பிறந்தார். படித்தது கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டுக் கொடைக்கானலில், பிரசென்டேசன் கொன்வென்ரில். ஆக அவரும் ஒரு மலைநாட்டுப் பெண் பள்ளியின் பழைய மாணவிதான். பிறகு லண்டனில் ஓவியம். கொழும்பில் நல்லாயன் கன்னியர் தங்கள் பராமரிப்பில் இருந்த பெண்களுக்கு நெசவு வேலை கொடுக்க முயன்றபோது வடிவங்கள் வரைந்துதரக் கேட்டார்கள். அப்படித் தொடங்கியது 1964இல் பெயாஃபுட் ஆயிற்று. வயலும் கடலும் மாலை வானமும் அவர் கைத்தறியில் கோடுகளாக விழுந்தன. யன்னல் சீலைக்கும் மேசை விரிப்புக்கும் நிறம் தெரிவதே ஒரு முழுநேரத் தொழில் என்று ஆக்கிக் காட்டினார். ஊர்சுற்றிப் பழைய வீடுகளையும் விகாரைகளையும் விறாந்தைகளையும் வரைந்து புத்தகமாக்கினார். 2022இல் மறைந்தார். 1964 என்றதும் நம்மவர்க்கு நினைவு வருவது சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். கொழும்பில் தறி ஏறிய அந்த ஆண்டில்தான் நம் லயங்களில் யார் போவது, யார் இருப்பது என்று பெயர் எழுதத் தொடங்கினார்கள். திருச்சிப் பக்கத்து நம் தோழியின் தகரப்பெட்டிக்குள் குறுக்குத் தையல் விரிப்புப் போனது அதன் விளைவாகத்தான்.

மற்றவர் ஏனா டி சில்வா. 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் அவருக்குக் கட்டிய முற்றம் வைத்த வீடு புகழ்பெற்றது. தம் மகனோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் சேர்ந்து பத்திக் துணிகள் செய்யத் தொடங்கி, ஹோட்டல் கூரைகளையே துணியால் ஓவியமாக்கினார். பிற்காலத்தில் மாத்தளைக்கு அருகே சொந்த ஊரான அலுவிகாரைக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களைக் கூட்டித் தையலும் பத்திக்கும் நடத்தினார். நகரத்துக்கு ஓடாமல் ஊரிலேயே வருமானம் தேடிக் கொடுத்தது அவருடைய வெற்றிகளுள் பெரியது என்பது எங்கள் எண்ணம்.

இன்னுமொருவர், கொஞ்சம் பழையவர், தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவர். குமாரசுவாமியின் முதல் மனைவி எத்தல். இங்கிலாந்துக்காரர். 1903 முதல் சில ஆண்டுகள் கணவரோடு இலங்கையில் இருந்து, மேலே சொன்ன பெருநூலுக்குப் படங்கள் எடுத்தார். கிராமத்துப் பெண்களின் ஊசிவேலையைச் சேகரித்தார், பழகினார். இங்கிலாந்து திரும்பிப் பழைய தேவாலயம் ஒன்றை வீடாக்கி, அதற்குள்ளேயே தறியும் வைத்தார். திருமணம் முறிந்தது, தறி முறியவில்லை. இயற்கைச் சாயங்கள் பற்றி 1916இல் புத்தகம் எழுதினார். கைத்தறி நெசவுக்காக 1937இல் அந்த நாட்டின் அரச வடிவமைப்பாளர் பட்டத்தைப் பெற்ற முதல் பெண்ணானார், எத்தல் மேரே என்ற பெயரில். இலங்கைக் கிராமத்துப் பெயர் தெரியாத பெண்களிடம் பார்த்த ஊசிவேலைக்கு அதில் எத்தனை பங்கு என்று யாரும் அளந்ததில்லை.

இனி நம்மிடம் வருவோம். தேயிலைச் சாயத்தில் சீலை தோய்த்தவள்தான் இன்று பதுளையில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவள். சொன்னபடி கடைக்குப் போனோம். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவுக்கு முடியாமல் போய் அவள் மலைக்குப் பேர் பதிந்தாள். ஒன்பது ஆண்டுகள் கொழுந்து. தவணைக்கு ஒரு மெஷின் வாங்கி, இஸ்தோப்பில் வைத்து, இரவில் சாரிச் சட்டை தைத்தாள். மெஷின் வந்த பிறகுகூட அதன் சத்தத்துக்கு அடுத்த காம்பராக்காரர் சண்டைக்கு வந்தாராம். சுவர் பொதுச் சுவரல்லவா? பிறகு நகரத்தில் ஒரு கடையில் சம்பளத்துக்கு, பிறகு சொந்தக் கடை. வாடிக்கையாளர் துணி தெரியுமுன், யன்னல் எந்தத் திசை, காலை வெயிலா மாலை வெயிலா, அறையில் யார் படுப்பது என்று கேட்கிறாள். "கேக்காம எப்பிடிங்க தைக்கிறது?" என்றாள். மின்னெட் டி சில்வாவின் பெயரை அவள் கேள்விப்பட்டதில்லை. நாங்கள் வட்டபுலுவக் கதையைச் சொன்னபோது, "அந்தம்மா கெட்டிக்காரி" என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

அவளுக்கு அண்மைக்காலத்தில் வருகிற வேலைகளில் ஒரு பகுதி தோட்டங்களிலிருந்து வருகிறது. இது முன்பு இல்லாத புதுமை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது நமக்கெல்லாம் நெஞ்சில் இருக்கிறது. நம் பழைய மாணவியர் சிலரின் உறவினரும் அந்த மண்ணுக்குள் போனார்கள். அதன் பிறகுதான் தோட்டத்தாருக்குத் தனி வீடு, 7 பேர்ச்சஸ் காணி என்ற பேச்சு வேகமெடுத்தது. இந்திய உதவித் திட்டத்தில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் மேலும் 10,000 என்று அறிவிக்கப்பட்டது. ஒரு வீடு 550 சதுர அடி. எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை, பெரும்பாலானோர் இன்னும் லயத்தில்தான். காணி உறுதி கைக்கு வராத குடும்பங்களும் நிறைய.

சென்ற ஆண்டு பூனாகலைப் பக்கம் அப்படியொரு புதுவீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரம்மா நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். முன்னறைச் சுவருக்கு மாம்பழ மஞ்சள் அடிப்பதா, மகள் கேட்கும் இளநீலம் அடிப்பதா என்று வீட்டில் மூன்று வாரமாகச் சண்டையாம். கணவர் எதற்கும் வாய் திறக்கவில்லை. எங்களையும் நடுவர்களாக்கப் பார்த்தார். நாங்கள் நழுவிவிட்டோம். ஒரு சுவரில் மட்டும் இன்னும் பூச்சு இல்லை. அங்கே, நல்ல சீமெந்துச் சுவரின்மேல், பழைய பழக்கத்தில் ஒரு கலண்டர் லட்சுமியை மாக்கூழ் தடவி ஒட்டியிருந்தார். "ஆணி அடிக்கலாந்தானே அக்கா" என்று கேட்டோம். சிரித்தார். அடிக்கலாம் என்பது இன்னும் கைக்குப் பழகவில்லை என்றார்.

மலர் வெளியீட்டு நாளன்று பள்ளி மண்டபத்தில் பழைய மாணவியரின் கைவேலைகளை வைக்கத் தீர்மானித்திருக்கிறோம். தலையணை உறை, மேசை விரிப்பு, ரேந்தை, யன்னல் சீலை, எதுவானாலும் சரி, கிழிந்திருந்தாலும் கொண்டுவாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் முன்கூட்டி அனுப்பலாம், பத்திரமாகத் திருப்பித் தருவோம். துண்டு ஒன்றில் உங்கள் பெயர், படித்த ஆண்டு, தைத்தபோது வீடு எங்கிருந்தது என்று எழுதிப் பின்பக்கம் குத்திவிடுங்கள். பின்பக்க முடிச்சுகளை யாரும் பார்க்கமாட்டோம் என்று டீச்சர் சார்பில் உறுதி கூறுகிறோம். மண்டபத்துச் சுவரில் மாட்ட அதிபர் அனுமதி தந்துவிட்டார். சுத்தியலும் ஆணியும் நாங்கள் வைத்திருப்போம்.